கசப்புக்கும் ஒரு முகவரி உண்டு

மாசி முதிர்ந்து பங்குனி பிறக்கும் நாள்களில் போளூரில் நின்று மேற்கே நோக்கினால், ஜவ்வாது மலை தன் பசுமையை இழந்து பழுப்பேறி நிற்பதைக் காணலாம். மழைக்காலத்தில் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத் தெரிந்த அதே மலைதான். இலையுதிர்க்கும் மரங்கள் மிகுந்த காடாதலால் கோடையை எதிர்கொள்ளுமுன் தன் இலைகளைக் கொட்டிவிடுகிறது. அத்திமூர் வழியே ஜமுனாமரத்தூர் செல்லும் மலைச்சாலையின் இருமருங்கிலும் சருகுகள் குவிந்து கிடக்கின்றன. மலைவாழ் மக்கள் புளி உலுக்கும் பருவமும் இதுவே. இப்பருவத்தில் காட்டைக் காப்பவர்கள் தவறாது செய்யும் வேலை ஒன்று உண்டு. காட்டின் குறுக்கே நீளவாக்கில் சருகுகளைக் கூட்டி அகற்றித் தரையை வெறுமையாக்குவார்கள். தீத்தடுப்புக் கோடு என்பது அதன் பெயர். ஓரிடத்தில் பற்றிய தீ, பற்றுவதற்கு ஏதுமற்ற அந்த வெற்று நிலத்தை எட்டியதும் மேலே செல்ல வழியின்றி அடங்கும்.

ஏறத்தாழ இதே பருவத்தில்தான் திருச்சபையும் தன் மக்களைத் தவக்காலத்திற்குள் அழைத்துச் செல்கிறது. சென்ற ஆண்டு குருத்து ஞாயிறன்று நாம் கைகளில் ஏந்தி ஆர்ப்பரித்த ஓலைகளே எரிந்து சாம்பலாகி இவ்வாண்டு நம் நெற்றிக்கு வருகின்றன. சாம்பல் புதன் தொடங்கிப் புனிதச் சனி வரை எண்ணினால் 46 நாள்கள். ஞாயிறு ஒவ்வொன்றும் ஆண்டவருடைய உயிர்ப்பின் நாளாதலால், அந்த ஆறு ஞாயிறுகளையும் கழித்தால் எஞ்சுபவை 40. பாலைநிலத்தில் ஆண்டவர் நோன்பிருந்த நாற்பது நாள்களை நினைவூட்டும் இக்காலம், நம் உள்ளத்தில் ஓராண்டாகக் குவிந்த சருகுகளைக் கூட்டி அகற்றும் காலம் என்றே கொள்ளலாம்.

நம் மக்கள் தவக்காலத்தை எளிதாக எடுத்துக்கொள்கிறவர்கள் அல்லர். இதை நன்றியோடு சொல்லவேண்டும். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் உண்ணாநோன்பைச் சாம்பல் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரு நாள்களுக்கு மட்டுமே கடமையாக்குகிறது. அதுவும் 18 வயது நிறைந்து, வாழ்வின் அறுபதாம் ஆண்டில் அடியெடுத்து வைக்காதவர்களுக்கு மட்டுமே. ஆனால் நம் பங்குகளில் எழுபது வயதுப் பாட்டியர் நாற்பது நாளும் ஒருவேளை உணவோடு இருக்கின்றனர். காவி உடுத்தி, காலில் செருப்பின்றி, திருத்தலங்களுக்கு நடந்தே செல்லும் இளைஞர்கள் உண்டு. வீட்டில் இறைச்சி சமைப்பதில்லை, திருமணம் வைப்பதில்லை, தலையில் பூச்சூடாத பெண்களும் உண்டு. வெள்ளிதோறும் சிலுவைப்பாதையில் ஆலயம் நிறைகிறது. இவை யாவும் நம் முன்னோர் தந்த செல்வம். இவற்றைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமை இல்லை.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. நாற்பது நாள் நோன்பு முடிந்து, உயிர்ப்பு விழாவின் புத்தாடை உடுத்தி, ஒருவருக்கொருவர் வாழ்த்துக் கூறும் அந்த விடியற்காலையில், ஆலய முற்றத்தில் ஒருவரைக் கண்டதும் நம் முகம் தானாகவே மறுபக்கம் திரும்பிக்கொள்கிறதே, அது ஏன்? வயிறு நோன்பிருந்தது, கால்கள் நோன்பிருந்தன, கூந்தலும் நோன்பிருந்தது. நெஞ்சின் ஒரு மூலை மட்டும் வழக்கம்போல் உண்டு கொழுத்தே இருந்திருக்கிறது.

இக்காலத்தில் ‘எதிர்மறை எண்ணங்களை விட்டொழியுங்கள்’ என்னும் அறிவுரையை எங்கும் கேட்கிறோம். வாழ்வில் முன்னேற வழிகாட்டும் நூல்களும் பயிற்சிப் பேச்சாளர்களும் இதையே வற்புறுத்துகின்றனர். நல்ல அறிவுரைதான். ஆனால் இதைக் கேட்டு வீடு திரும்புகிறவர் எதை விடுவது, எங்கே விடுவது என்று அறியாமல் திகைக்கிறார். எதிர்மறை எண்ணம் என்பது காற்றில் மிதக்கும் தூசியா, துணியை உதறுவதுபோல் மனத்தை உதறிவிட? நாம் மக்களோடு வாழ்ந்து கண்ட அளவில் அது அப்படி இல்லை. கசப்புக்கு ஒரு முகம் இருக்கிறது. ஒரு பெயர் இருக்கிறது. ஒரு கதவிலக்கமும் தெருப்பெயரும் இருக்கின்றன. பெரும்பாலும் அது மிக அருகிலேயே இருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்பதைக் குரு ஒருபோதும் பேசலாகாது, நாமும் பேசுவதில்லை. ஊரே அறிந்ததையே இங்கு எழுதுகிறோம். ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் பாகப்பிரிவினையில் அரை முழ வரப்புக்காகப் பேச்சை முறித்துக்கொள்கின்றனர். திருமண அழைப்பிதழில் தன் பெயர் விடுபட்டதற்காகத் தாய்மாமன் பத்தாண்டு வீட்டுவாசலை மிதிப்பதில்லை. திருவிழாக் கணக்கில் எழுந்த ஒரு சொல், பக்த சபையை இரண்டாக்குகிறது. மாமியார் என்றோ சொன்ன ஒரு வார்த்தை, அவர் மறைந்த பின்பும் மருமகளின் செவியில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. இவர்கள் எல்லாரும் நல்லவர்கள், செபிக்கிறவர்கள், ஏழைகளுக்கு இரங்குகிறவர்கள். அந்த ஒரு வாசலைத் தவிர உலகின் எல்லா வாசல்களுக்கும் செல்ல ஆயத்தமாய் இருப்பவர்கள்.

மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் அண்ணன் தம்பி இருவருக்குச் சொந்தமான கூட்டுக் கிணறு ஒன்று உண்டு. ஊரும் பேரும் இங்கு வேண்டா. இன்ன நாள் அண்ணன் முறை, இன்ன நாள் தம்பி முறை என்று தந்தை காலத்தில் வகுத்த ஏற்பாடு. ஒரு கோடையில் நீர் அடிமட்டத்திற்குப் போயிற்று. தன் முறைநாளில் மின்சாரம் இல்லாதுபோன அண்ணன் மறுநாள் காலை இரண்டு மணி நேரம் மோட்டாரை ஓட்டிவிட்டார். தம்பியின் நெல் காய்ந்தது. அன்று தொடங்கிய மௌனம் ஒன்பது ஆண்டு நீடித்தது. இடையில் தாய் இறந்தார். பாடையின் இருபுறமும் இருவரும் தோள் கொடுத்தனர்; ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முப்பதாம் நாள் திருப்பலிக்கு இருவரும் தனித்தனியே கருத்து எழுதிக் கொடுத்தனர். ஒரே தாய்க்கு இரண்டு திருப்பலிகள்! ஒன்பது தவக்காலங்களிலும் இரு குடும்பங்களும் நோன்பு காத்தன என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

இந்நோய் புதியதன்று, இதன் இயல்பை நம் முன்னோர் ஆழ்ந்து ஆராய்ந்திருக்கின்றனர். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் தவம்புரிந்த எவாக்ரியுஸ் என்னும் துறவி, மனிதனை அலைக்கழிக்கும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தார். பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், சோர்வு, வீண்பெருமை, ஆணவம் என்பன அவை. அவருக்குப் பின் யோவான் காசியன் இவ்வாய்வை மேலைத் திருச்சபைக்குக் கொண்டுவந்தார். திருத்தந்தை பெரிய கிரகோரியார் அதை ஏழாகச் செப்பனிட்டார். நாம் மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்த தலையான பாவங்கள் ஏழும் இவ்வாறு வந்தவையே. எவாக்ரியுஸ் துறவிகளுக்குத் தந்த அறிவுரை மிக நடைமுறையானது. எண்ணம் வரும்போது அதை வெறுமனே விரட்டாதே. அது எப்போது வருகிறது, எதைத் தொடர்ந்து வருகிறது, எதை இழுத்துக்கொண்டு வருகிறது என்று கவனி என்பதே அவர் கற்பித்த முறை. ஆளரவமற்ற பாலைநிலத்தில் தனித்திருந்த துறவிகளையும் சினம் விடவில்லை. எதிரே ஆள் இல்லாதபோதும் என்றோ தீங்கிழைத்தவனின் முகம் செப வேளையில் வந்து நின்றது. ஆளை விட்டு எத்தனை தொலைவு ஓடினாலும் முகம் உடன்வரும் என்பதை அவர்கள் கண்டறிந்திருந்தனர்.

ஆண்டவர் இயேசு இந்த உண்மையைத் தம் போதனையின் நடுவிலேயே வைத்தார். தம் சீடருக்குக் கற்றுத்தந்த இறைவேண்டலில் பல மன்றாட்டுகள் உள்ளன. மத்தேயு நற்செய்தியில் அவ்வேண்டல் முடிந்ததும் ஆண்டவர் ஒரே ஒரு மன்றாட்டுக்கு மட்டும் மீண்டும் விளக்கம் தருகிறார். அது மன்னிப்பைப் பற்றியது. அதே மலைப்பொழிவில், காணிக்கையோடு பீடத்தருகே வந்துவிட்ட ஒருவனை அவர் திருப்பி அனுப்புகிறார். சகோதரனுக்கு உன்மீது மனத்தாங்கல் உண்டென்று அங்கே நினைவு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டுப் போய் முதலில் உறவைச் சீர்செய்துகொள் என்பது அவர் கட்டளை. காணிக்கை பீடத்தருகே காத்திருக்கலாம், கடவுளும் காத்திருப்பார். மனத்தில் மன்னித்துவிட்டேன் என்று அங்கேயே நின்று சொன்னால் போதும் என ஆண்டவர் சொல்லவில்லை. புறப்பட்டுப் போகச் சொல்கிறார். போவதற்கு ஒரு முகவரி வேண்டுமல்லவா?

சங்கமும் இதையே கற்பிக்கிறது. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, தவக்காலத்திற்குத் திருமுழுக்கை நினைவுகூர்தல், மனமாற்றம் என இரு முகங்கள் உண்டெனக் காட்டுகிறது. தவக்காலத் தவம் அகத்தளவிலும் தனியாளளவிலும் நின்றுவிடாமல் புறத்திலும் சமூகத்திலும் வெளிப்பட வேண்டும் எனவும் அறிவுறுத்துகிறது. தவம் என்பது நமக்கும் கடவுளுக்கும் இடையே மட்டும் நிகழும் இரகசியப் பேரம் என்ற எண்ணத்திற்கு அங்கே இடமில்லை.

இவ்விடத்தில் சிலர் நியாயமான மறுப்பு ஒன்றை எழுப்பக்கூடும். ‘சாமி, வரப்புச் சண்டையும் அழைப்பிதழ் மனத்தாங்கலும் சரி. உண்மையாகவே அநீதிக்கு ஆளானவர்களிடம் கசப்பை விடு என்று எப்படிச் சொல்வது?’ இக்கேள்வி நம் மாவட்டத்தில் வெறும் கேள்வி அன்று. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் உயிர்ப்பு ஞாயிறு. அதற்கு இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 7ஆம் நாள், ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் நம் திருவண்ணாமலை மாவட்டத்தின் ஏழைக் கூலிகள். ஆலயங்களில் அல்லேலூயா ஒலித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில் இம்மலையைச் சுற்றியுள்ள குடிசைகளில் ஒப்பாரி எழுந்தது. நடந்தது என்ன என்று உறவினர்கள் நீதிமன்றத்தை நாடினர். அந்தத் தாய்மாரிடம் சென்று, எதிர்மறை எண்ணங்களை விட்டுவிடுங்கள், மனம் லேசாகும் என்று எவரேனும் சொல்வாரானால் அது ஆறுதலாகாது. புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும்.

ஆகவே வேறுபாடு ஒன்றைத் தெளிவாக உணரவேண்டும். நீதி கேட்டு எழும் குரல் கசப்பு அன்று. திருப்பாடல்களில் பெரும்பகுதி முறையீடுகளே. கடவுள் முன் அழுது வழக்காடுவதைத் திருச்சபை நாள்தோறும் தன் செபமாகவே கொண்டிருக்கிறது. ஆண்டவரே தலைமைக் குருவின் முன் விசாரணையில் தம்மை அறைந்த காவலனிடம் காரணம் கேட்டார். மறுகன்னம் பற்றிப் போதித்த அதே ஆண்டவர்தாம் கேட்டார். சினம் நீதியைத் தேடும்போது அது முன்னோக்கி நடக்கிறது. கசப்போ ஒரே இடத்தில் நின்று சுற்றுகிறது. எதிரி அழிந்தாலும் அதற்கு நிறைவு வருவதில்லை. நீதியைத் தேடுகிறவர் உண்மை வெளிவர வேண்டும் என்கிறார். கசந்தவர் மற்றவர் துன்புற வேண்டும் என்கிறார். முதலாவதைத் தவக்காலம் நம்மிடமிருந்து கேட்பதில்லை. இரண்டாவதைத்தான் கேட்கிறது. அதையும் காலக்கெடு வைத்துக் கேட்பதில்லை.

இதற்குச் சான்று தேடி நாம் அயல்நாட்டுக்குப் போகவேண்டியதில்லை. கேரளத்தில் புல்லுவழி என்னும் ஊரில் 1954ஆம் ஆண்டு பிறந்து, பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்தவர் அருள்சகோதரி இராணி மரியா. மத்தியப் பிரதேசத்தின் உதயநகரில் அவர் ஆதிவாசி மக்களிடையே பணியாற்றினார். வட்டிக்கு வாங்கிய கடனில் தலைமுறையாய் மூழ்கியிருந்த அம்மக்களுக்குச் சேமிக்கவும், அரசு தரும் உரிமைகளைக் கேட்டுப் பெறவும் வழிகாட்டினார். நம் ஜவ்வாது மலை மக்களின் வாழ்வை அறிந்தவர்க்கு அப்பணியின் அருமை எடுத்துச் சொல்லாமலே விளங்கும். வட்டித்தொழிலும் நிலவுடைமையும் கொண்டிருந்தோருக்கு அது பொறுக்கவில்லை. 1995ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், சாம்பல் புதனுக்கு நான்கு நாள் முன்பு, இந்தூர் நோக்கிச் சென்ற பேருந்தில் ஏவிவிடப்பட்ட ஓர் இளைஞர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். சகோதரியின் உடலில் 54 காயங்கள். வயது 41.

இராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் அதே சபையின் அருள்சகோதரி. கொலையாளி பிடிபட்டார், ஆயுள் தண்டனை பெற்றார். நீதி தன் வழியில் சென்றது. அதை எவரும் தடுக்கவில்லை. ஆண்டுகள் கடந்தன. சிறையிலிருப்போர் நடுவே பணிபுரிந்த சுவாமி சதானந்த் என்னும் துறவிக் குரு அந்த மனிதரைச் சந்தித்து மனமாற்றத்திற்கு வழியமைத்தார். 2002ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள், இரட்சாபந்தன் விழாவையொட்டி, செல்மி பால் இந்தூர் சிறைக்குச் சென்றார். தம் அக்காளைக் கொன்ற கையில் இராக்கிக் கயிற்றைக் கட்டி அவரைத் தம் சகோதரராக ஏற்றார். கொலைக்கும் அந்தக் கயிற்றுக்கும் இடையே ஏழு ஆண்டுகள், எட்டுத் தவக்காலங்கள். பின்னர்க் குடும்பத்தாரும் சபையாரும் அவருடைய விடுதலைக்கு மனமுவந்து இசைந்தனர். 2006ஆம் ஆண்டு அவர் விடுதலையானார். கேரளம் சென்றபோது இராணி மரியாவின் வீட்டார் அவரைத் தம்முள் ஒருவராக வரவேற்றனர். 2017ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் இந்தூரில் இராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்ட விழாவில் அம்மனிதரும் இருந்தார்.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. செல்மி பால் தம் மடத்துச் சிற்றாலயத்தில் முழந்தாளிட்டு, எல்லாரையும் மன்னிக்கிறேன் ஆண்டவரே என்று சொல்லியிருக்கலாம். அதுவும் நல்ல செபமே. ஆனால் அவர் ஒரு சிறைச்சாலைக்குச் சென்றார். கசப்பு குடியிருந்த முகவரி அதுவாக இருந்தது. அவருடைய மன்னிப்பும் அங்கேயே போய்ச் சேர்ந்தது.

நாம் செல்லவேண்டிய இடம் சிறைச்சாலை அன்று. அடுத்த தெரு, பக்கத்து வீடு, சில வேளைகளில் நம் வீட்டின் அடுத்த அறை. ஆயினும் அந்தப் பத்தடி, இந்தூரை விட நமக்குத் தொலைவாகத் தெரிகிறது. காரணம் யாதெனின், தவறு மற்றவருடையது என்பதில் நமக்குள்ள உறுதியே. பல வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கிறது. ஊதாரி மைந்தன் உவமையில் வரும் மூத்த மகனை நினைத்துப் பாருங்கள். அவன் சொன்ன குற்றச்சாட்டில் பொய் இல்லை. இளையவன் சொத்தை அழித்தது உண்மை. மூத்தவன் உழைத்தது உண்மை. அந்த உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டே அவன் வாசலுக்கு வெளியே நிற்கிறான். உள்ளே விருந்தும் இசையும். வெளியே நியாயமும் இருளும். தந்தை எழுந்து வந்து அவனை வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே சென்றானா என்பதை லூக்கா நமக்குச் சொல்லாமலே கதையை நிறுத்திவிடுகிறார். அவ்விடைவெளி நமக்காகவே விடப்பட்டது போலும்.

அவ்வாறாயின் இந்நாற்பது நாள்களில் செய்யத்தக்கது யாது? திருச்சபை தரும் கருவிகள் மூன்றே: செபம், நோன்பு, ஈகை. இம்மூன்றையும் அந்த ஒரு முகவரியை நோக்கித் திருப்பிவிட்டால் போதும்.

முதலாவது, செபம். மன்னிக்க மனம் வராதவரும் பெயர் சொல்லி செபிக்க முடியும். என் எதிரிகள் என்று பொதுவாகச் சொல்லாமல், அந்த ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் பிள்ளைகளின் பெயரையும் சொல்லி, நாளுக்கு ஓர் அருள்நிறை மந்திரம் ஒப்புக்கொடுத்தல். முதல் வாரம் பெயர் தொண்டையில் சிக்கும். சிக்கட்டும். நான்காவது வாரத்தில் அந்தப் பெயர் மனிதப் பெயராகத் திரும்பியிருக்கும்.

இரண்டாவது, நோன்பு. சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளியன்று எசாயாவின் நூலிலிருந்து வாசகம் கேட்கிறோம். நோன்பிருந்துகொண்டே வழக்காடுவதையும் சண்டையிடுவதையும் கடவுள் அங்கே வன்மையாகக் கண்டிக்கிறார். இறைச்சியை விடுகின்ற நாம் அந்த ஒருவரைப் பற்றிய பேச்சையும் விடலாம். அவரைப் பற்றிய செய்தி வந்தால் கேளாதிருத்தல். பழைய கதையைப் புதியவர்க்குச் சொல்லாதிருத்தல். நாவுக்கு இது கடுமையான நோன்பு. கசப்பு பேச்சில்தான் உயிர்வாழ்கிறது. பேச்சு நின்றால் அதற்கு இரை குறையும்.

மூன்றாவது, ஈகை. பெட்டியில் பணம் போடுவது எளிது. அந்த ஒருவருக்கு எதையாவது கொடுப்பது கடினம்: ஒரு நலவிசாரிப்பு, நோயுற்ற வேளையில் ஒரு சந்திப்பு, வழியில் எதிர்ப்பட்டால் முகம் திருப்பாதிருத்தல். இவை சிறியனவாயினும் ஈகையே.

இம்மூன்றின் நடுவே ஒப்புரவு அருட்சாதனம் நிற்கிறது. முன்னாளில் பாவசங்கீர்த்தனம் என்று வழங்கிய இதை இன்று ஒப்புரவு என்று அழைப்பதன் பொருளை நாம் சிந்திக்கவேண்டும். கடவுளோடும் திருச்சபையோடும் ஒரே வேளையில் உறவு புதுப்பிக்கப்படுகிறது. குருவின் கையுயர்த்தலில் மன்னிப்பைப் பெற்று எழுபவர் பத்தாயிரம் தாலந்து கடன் தள்ளுபடியான ஊழியனைப் போன்றவர். வெளிவாசலில் நூறு தெனாரியக் கடனாளி அவருக்காகக் காத்திருக்கிறார் என்பதை மறந்துவிடலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. எல்லா வாசலுக்கும் உடனே சென்றுவிட இயலாது. சிலவற்றுக்குச் செல்லவும் கூடாது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் மன்னிப்பின் பெயரால் மனைவியைத் திருப்பி அனுப்புவது நற்செய்தி ஆகாது. அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. மன்னிப்பது வேறு, மீண்டும் தீங்கிழைக்க இடங்கொடுப்பது வேறு. மற்றவர் இறந்துவிட்டிருந்தால் அவருக்கெனத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். கல்லறைத் தோட்டத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றலாம். நாம் சென்றும் மற்றவர் கதவைத் திறக்காதிருந்தால், கதவைத் தட்டியது வரை நம் கடமை. திறப்பது அவர் உரிமை. ஆறாத புண்ணுடையவர் இவ்வாண்டு வாசல் வரை போக முடியாமல் தெருமுனையில் நின்று திரும்பலாம். அதுவும் பயணமே. ஏழு ஆண்டு நடந்தவரின் கதையை மேலே கண்டோம்.

ஒருமுறை கூட்டி அகற்றியதோடு சருகு தீர்ந்துவிடுவதும் இல்லை. இதே ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டு அங்கே நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி பெரும் புகழ் பெற்றது. அத்தகைய தொலைநோக்கியின் ஆடி தொலைதூர விண்மீன்களைக் காட்டவல்லது. ஆயினும் அருகிலுள்ள தூசி அதன்மேல் படியவே செய்கிறது. ஆகவே அவ்வப்போது ஆடியைக் கழற்றிக் கழுவி, பழைய அலுமினியப் பூச்சை நீக்கி, வெற்றிடக் கலத்தில் வைத்துப் புதிதாகப் பூச்சிடுகின்றனர். ஆடி கெட்டுவிட்டது என்று எவரும் வருந்துவதில்லை. திறந்த வெளியில் பணிசெய்யும் ஆடிக்குத் தூசி படிவது இயல்பு. மனிதர் நடுவே வாழும் நெஞ்சுக்கும் அப்படியே. தவக்காலம் ஆண்டுதோறும் வருவதன் நோக்கம் இதுதான். சென்ற ஆண்டு மன்னித்தேனே, மீண்டும் ஏன் கசக்கிறது என்று மனம் தளர வேண்டியதில்லை. மீண்டும் துடைக்க வேண்டும், அவ்வளவே.

கூட்டுக் கிணற்றுச் சகோதரரைப் பற்றிக் கேட்கத் தோன்றும். பத்தாம் தவக்காலத்தில் பெரிய அதிசயம் ஏதும் நிகழவில்லை. கட்டித் தழுவிக் கண்ணீர் விடவும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து வீடு திரும்பிய தம்பி, இரவு மின்சாரம் வந்ததும் கிணற்றடிக்குச் சென்று மோட்டாரைப் போட்டு, மடையை அண்ணன் வயலின் பக்கம் திருப்பிவிட்டார். அன்று அவருடைய முறை. பிறகு தம் மகனை அழைத்து, “பெரியப்பாகிட்டப் போய், தண்ணி வருது, வந்து பாத்துக்கச் சொல்லு” என்றார். சிறுவன் ஓடினான். அண்ணன் மண்வெட்டியோடு வந்தார். இருவரும் இருட்டில் வரப்பின் இரு முனைகளில் நின்று நீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தனர் என்று ஊரார் சொல்கின்றனர். என்ன பேசிக்கொண்டனர் என்று எவருக்கும் தெரியாது. அவ்வாண்டு தாயின் நினைவுநாள் திருப்பலிக்கு ஒரே ஒரு கருத்துச் சீட்டு வந்தது. அதில் இரு பெயர்களும் இருந்தன.

சாம்பல் பூசிய நெற்றியோடு நாம் வீடு திரும்பும் இந்நாள்களில், நம் நோன்புப் பட்டியலில் இன்னும் ஒரு வரிக்கு இடம் வைப்போம். எதை விடுவது என்பதை முன்னமே முடிவுசெய்துவிட்டோம். யாரிடம் செல்வது என்பதையும் எழுதிக்கொள்வோம். ஒரு பெயர் போதும். பாஸ்கா இரவின் புதுத்தீயில் ஏற்றிய மெழுகுதிரியைக் கையிலேந்தி நாம் நிற்கும்போது, நமக்கு அடுத்து நிற்பவருக்கு, அவர் எவராயினும், அந்தச் சுடரைத் திரும்பிக் கொடுக்கும் முகத்தை இறைவன் நமக்கு அருள்வாராக.